பக்கவிளைவு வந்தால் மருத்துவர் சட்டப்படி பொறுப்பாவாரா?

கேள்வியின் சாரம் இது. 52 வயதுத் தாயாருக்கு முகத்தின் ஒரு பக்கம் சுரீரென்று வெட்டும் நரம்பு வலி. தனியார் கிளினிக்கில் கார்பமசெபின் 200 மி.கி. மாத்திரையைக் காலையும் இரவும் சாப்பிட எழுதிக் கொடுத்தார்கள். 16-ஆம் நாள் காய்ச்சல், கண் எரிச்சல், வாயில் புண். கிளினிக்குக்குப் போன் செய்தபோது "வைரல் காய்ச்சலா இருக்கும், மாத்திரையை நிறுத்தாதீங்க" என்று பதில் வந்தது. அடுத்த நான்கு நாளில் மார்பிலும் முதுகிலும் தோல் வழன்று, மூன்று வாரம் ஐ.சி.யூ.வில் இருந்து பிழைத்திருக்கிறார். "இது பக்கவிளைவு, யாருக்கு வரும்னு முன்கூட்டியே சொல்ல முடியாது, எங்க மேல தப்பில்லை" என்கிறார் மருத்துவர். அவர் சொல்வது சரியா? சட்டப்படி என்ன செய்ய முடியும்?

யாருக்கு வரும் என்று சொல்ல முடியாது என்பது பெரும்பாலும் உண்மை. அதனாலேயே தப்பில்லை என்பது அப்படித் தானாக வந்துவிடாது. பக்கவிளைவு வந்தது என்பதற்காக இந்தியச் சட்டம் எந்த மருத்துவரையும் தண்டிப்பதில்லை. அந்தப் பக்கவிளைவைச் சுற்றி அவர் செய்ய வேண்டியிருந்ததைச் செய்தாரா என்றுதான் பார்க்கும். மருந்து இந்த நோய்க்குப் பொருத்தமானதா, கொடுக்கும் முன் கேட்க வேண்டியதைக் கேட்டாரா, எச்சரிக்க வேண்டியதைச் சொன்னாரா, கண்காணித்தாரா, அறிகுறி தெரிந்ததும் என்ன செய்தார்? பெரும்பாலான வழக்குகள் முதல் கேள்வியில் தோற்று, கடைசிக் கேள்வியில் ஜெயிக்கின்றன. உங்கள் தாயார் விஷயமும் அப்படித்தான் தெரிகிறது.

மருந்துத் தேர்வில் குறை சொல்ல வழியில்லை. இந்த வகை முக நரம்பு வலிக்கு உலகம் முழுக்க முதலில் எழுதப்படும் மருந்தே கார்பமசெபின்தான். வழக்கமாக 100 மி.கி. இரண்டு வேளை என்று தொடங்கி ஏற்றுவார்கள். 200-இல் தொடங்கியதை மட்டும் வைத்துக் கவனக்குறைவு என்று நிறுவுவது கடினம். மரபணுப் பரிசோதனை பற்றி இணையத்தில் படித்திருப்பீர்கள். எச்.எல்.ஏ.-பி 1502 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு இந்த மாத்திரையால் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய், அதாவது உங்கள் தாயாருக்கு வந்ததைப் போலத் தோலும் சவ்வுகளும் உரியும் நோய், வரும் அபாயம் மிக அதிகம். சீனர்களிடமும் தாய்லாந்து மக்களிடமும் அது பரவலாக இருப்பதால், ஆசிய வம்சாவளியினருக்கு முதலில் பரிசோதனை செய்யும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007-இல் அறிவுறுத்தியது. இந்தியாவில் அது வழக்கமான நடைமுறையாகவில்லை. அதே துறையில் சராசரித் திறமையுள்ள மருத்துவர் செய்திருப்பதை இவரும் செய்தாரா என்பதே நம் நீதிமன்றங்களின் அளவுகோல் என்பதால், "டெஸ்ட் எடுக்கவில்லை" என்ற ஒற்றை வாதம் நிற்காது. அதை முதல் பக்கத்தில் வைத்து மனு எழுதாதீர்கள்.

கேட்க வேண்டியதைக் கேட்டாரா என்பது அடுத்தது. கார்பமசெபின் வலிப்புக்கும் தரும் மருந்து என்பதால், முன்பு வேறு வலிப்பு மருந்தால் தடிப்பு வந்ததா, கல்லீரல் கோளாறு உண்டா, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறாரா? மருந்துச் சீட்டில் அல்லது ஓ.பி. நோட்டில் ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் உங்கள் தாயாருக்கு அப்படி முன்வரலாறு எதுவும் இல்லையென்றால், கேட்காதது குறையாக இருந்தாலும் நடந்த பாதிப்புக்கு அது காரணமாகாது. காரணமாகாத குறைக்கு இழப்பீடு கிடைக்காது.

சொல்ல வேண்டியதைச் சொன்னாரா என்பதில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். சமீரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் வகுத்தபடி, நோயாளி சம்மதம் தர எவ்வளவு தகவல் போதுமோ அவ்வளவு சொன்னால் போதும். மிக அரிதான அபாயங்களையெல்லாம் பட்டியலிட வேண்டியதில்லை. கார்பமசெபினால் இந்தத் தோல் நோய் வருவது, வெள்ளையர் அதிகமுள்ள நாடுகளின் கணக்குப்படி, புதிதாகத் தொடங்கும் 10,000 பேரில் 1 முதல் 6 பேருக்கு. சில ஆசிய நாடுகளில் அதைப்போல் பத்து மடங்கு. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் "அரிதான அபாயம், சொல்லத் தேவையில்லை" என்று இந்தத் தீர்ப்பைத்தான் எடுத்து வைப்பார். அதற்கான பதில் இதுதான்: "10,000-இல் சிலருக்கு வரும்" என்று சொல்வது சம்மதத்துக்கான தகவல், "காய்ச்சலோடு தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வாருங்கள்" என்று சொல்வது சிகிச்சையின் பகுதி, எத்தனை வேளை சாப்பிட வேண்டும் என்று சொல்வதைப் போல. இரண்டையும் ஒன்றாகக் குழப்ப விடாதீர்கள். இந்த எச்சரிக்கை மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளிலேயே இருக்கிறது, மருத்துவ மாணவர்களுக்கும் கற்பிக்கப்படுகிறது. சொல்ல ஒரு நிமிடம் போதும்.

எல்லாவற்றையும்விட கனமானது அந்தப் போன் அழைப்பு. இந்த நோய் பெரும்பாலும் மருந்து தொடங்கிய முதல் எட்டு வாரத்துக்குள் வரும். தோலில் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே காய்ச்சல், தொண்டை வலி, கண் எரிச்சல் என்று சாதாரணக் காய்ச்சல் போலவே தொடங்கும். பிறகு வாய், கண், பிறப்புறுப்புச் சவ்வுகளில் புண். உடல் பரப்பில் 10 சதவீதத்துக்குள் தோல் உரிந்தால் ஸ்டீவன்ஸ்-ஜான்சன், 30 சதவீதத்தைத் தாண்டினால் அதன் கடுமையான வடிவமான டாக்ஸிக் எபிடெர்மல் நெக்ரோலிசிஸ். அதில் மூவரில் ஒருவர் அளவுக்கு இறக்கிறார்கள். காரணமான மருந்தை எவ்வளவு சீக்கிரம் நிறுத்துகிறோமோ அவ்வளவுக்குப் பிழைக்கும் வாய்ப்பு கூடும் என்பதில் தோல் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஆக, கார்பமசெபின் தொடங்கி 16 நாள் ஆனவருக்குக் காய்ச்சலும் வாய்ப்புண்ணும் என்று கேட்டவுடன் வேறு எதையும் யோசிக்கும் முன் அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். நேரில் வரச் சொல்லியிருக்க வேண்டும். "நிறுத்தாதீங்க" என்றதால் கூடுதலாக எட்டு மாத்திரை உள்ளே போயிருக்கிறது. நோய் வந்ததற்கு மருத்துவர் பொறுப்பல்ல என்றே வைத்துக்கொண்டாலும், நான்கு நாள் முற்றியதற்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும். போனில் பேசியது மருத்துவரா, வரவேற்பில் இருந்தவரா என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். வரவேற்பில் இருந்தவர் சொல்லியிருந்தால் கிளினிக்கின் பொறுப்பு கூடும்.

இதே தோல் நோயில்தான் இந்தியாவின் மிகப் பெரிய மருத்துவ இழப்பீட்டு வழக்கும் நடந்தது. அமெரிக்காவில் வாழ்ந்த அனுராதா சாஹா 1998-இல் கொல்கத்தா வந்திருந்தபோது காய்ச்சலும் தடிப்பும் வந்தன. டெப்போ-மெட்ரால் என்ற ஸ்டீராய்டு ஊசி 80 மி.கி. வீதம் ஒரு நாளைக்கு இரண்டு முறை எழுதப்பட்டது. அது தசைக்குள் தங்கி மெதுவாகக் கரையும் வகை. ஊசிகளுக்கு இடையே நாட்கணக்கில், வாரக்கணக்கில் இடைவெளி விட வேண்டியது. பிறகு சேர்க்கப்பட்ட மருத்துவமனையிலும் இந்த நோய்க்குத் தேவையான துணைச் சிகிச்சை சரியாக நடக்கவில்லை. மும்பைக்குக் கொண்டுபோனபின் மே 28 அன்று இறந்தார். 2009-இல் உச்ச நீதிமன்றம் கவனக்குறைவு என்று தீர்ப்பளித்தது; 2013-இல் இழப்பீட்டைச் சுமார் 6 கோடி ரூபாயாக நிர்ணயித்தது, வட்டியோடு 11 கோடியைத் தாண்டியது. கவனிக்க வேண்டியவை இரண்டு. நோய் தானாக வந்ததற்காக அங்கே யாரும் பொறுப்பாக்கப்படவில்லை; வந்தபின் கொடுத்த மருந்தின் அளவும் கவனிப்பும்தான் குற்றமாகக் கண்டறியப்பட்டன. இரண்டாவது, அதே 2009 தீர்ப்பில் கிரிமினல் வழக்கிலிருந்து மருத்துவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். ஒரே சம்பவம், இரண்டு அளவுகோல்.

வேறு மருந்துகளில் பிரச்சினை வேறு இடத்தில் இருக்கும். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிட வேண்டியது, 7.5 அல்லது 10 மி.கி. என்று தொடங்கும். சீட்டில் கிழமை எழுதாமல் விட்டாலோ, கடையில் உறையின் மேல் பழக்கத்தில் "1-0-0" என்று எழுதிவிட்டாலோ நோயாளி தினமும் சாப்பிடுவார். ஒன்றிரண்டு வாரத்தில் வாயெல்லாம் புண், வெள்ளையணுக்கள் சரிவு, உயிருக்கே ஆபத்து. இங்கே சீட்டும் உறையும்தான் சாட்சி: சீட்டில் "திங்கள் மட்டும்" என்று இருந்து உறையில் இல்லையென்றால் கடைக்காரர் பொறுப்பு, சீட்டிலேயே இல்லையென்றால் மருத்துவர் பொறுப்பு. காசநோய்க்கான எத்தாம்பூட்டால் கண் நரம்பைத் தாக்கும், ஜென்டாமைசின் சிறுநீரகத்தையும் காதையும், அமியோடரோன் தைராய்டையும். இவற்றில் குறிப்பிட்ட இடைவெளியில் பரிசோதனை எழுதினாரா என்பதே கேள்வி. எழுதியும் நோயாளி எடுக்காமல் விட்டிருந்தால் வழக்கு பலவீனமாகும்.

மருத்துவர் பொறுப்பாகாத இடங்களும் உண்டு. ஒவ்வாமை இருப்பதைக் கேட்டும் மறைத்தது, சித்த மருந்தோ வேறு மாத்திரையோ கூடவே சாப்பிட்டதைச் சொல்லாதது, ஐந்து நாளுக்கு எழுதிய ஸ்டீராய்டைப் பழைய சீட்டைக் காட்டி ஆறு மாதம் வாங்கிச் சாப்பிட்டது. கடைசியதில் கடைக்காரருக்குப் பங்கு உண்டு: மறுபடி தரலாம் என்று மருத்துவர் எழுதாத சீட்டுக்கு ஒரு முறைக்கு மேல் மருந்து தரக்கூடாது என்று மருந்து விதிகளின் 65-ஆம் விதி சொல்கிறது. மருந்தை மாற்றிச் செலுத்திய ஊழியருக்காக மருத்துவமனை பொறுப்பேற்க வேண்டும் என்பதும் முடிந்த விஷயம். ஸ்பிரிங் மெடோஸ் வழக்கில் குளோராம்பெனிகாலுக்குப் பதில் குளோரோகுவினை நர்ஸ் ஊசி போட்டதில் குழந்தையின் மூளை பாதிக்கப்பட்டது. 1998-இல் குழந்தைக்கு 12.5 லட்சமும் பெற்றோருக்குத் தனியாக 5 லட்சமும் கிடைத்தன. எழுதியவர் அந்த மருத்துவ முறையே படிக்காதவர் என்றால் வேறு எதையும் நிரூபிக்கத் தேவையில்லை. ஹோமியோபதி மருத்துவர் அலோபதி மருந்து கொடுத்த பூனம் வர்மா வழக்கில் (1996) அதுவே கவனக்குறைவு என்றது உச்ச நீதிமன்றம்.

மருந்துக் கம்பெனியைச் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இல் பொருளால் நேர்ந்த பாதிப்புக்குத் தனி அத்தியாயம் உண்டு. ஆனால் 87-ஆம் பிரிவைப் படியுங்கள்: நிபுணரின் மேற்பார்வையில் மட்டுமே தர வேண்டிய பொருளாக இருந்து, அந்த நிபுணருக்கு எச்சரிக்கையைக் கம்பெனி தெரிவித்திருந்தால், எச்சரிக்கவில்லை என்று கம்பெனி மேல் வழக்கு நிற்காது. எச்சரிக்கையை உங்களிடம் கொண்டுசேர்க்கும் வேலை மருத்துவருடையது என்றாகிறது. தரக்குறைவான, கலப்பட மருந்து என்ற சந்தேகம் இருந்தால் மட்டும் கம்பெனியைச் சேருங்கள்.

எங்கே போவது? கோபத்தில் முதலில் காவல் நிலையத்துக்குப் போகிறார்கள். அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, கிரிமினல் குற்றமாக மிக மோசமான கவனக்குறைவு வேண்டும்; காவல்துறை முதலில் அந்தத் துறை தெரிந்த, முடிந்தவரை அரசுப் பணியிலுள்ள மருத்துவரிடம் கருத்துப் பெற வேண்டும்; வழக்கமான கைது கூடாது. மரணம் நேர்ந்தால் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 106(1)-இன் கீழ் மருத்துவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும். அங்கே "கவனக்குறைவு இல்லை" என்று ஒரு கருத்து பதிவாகிவிட்டால், அதை நுகர்வோர் வழக்கிலும் உங்களுக்கு எதிராக எடுத்து வைப்பார்கள். தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் புகார் தரலாம். பதிவை நிறுத்தி வைக்கவோ நீக்கவோ முடியும், பணம் வாங்கித் தர முடியாது.

இழப்பீட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான் வழி. கட்டிய கட்டணம் 50 லட்சம் வரை என்றால் அங்கேயே. நீங்கள் கேட்கும் இழப்பீட்டை வைத்து இது முடிவாவதில்லை. கட்டணம் 5 லட்சத்துக்குள் என்றால் நீதிமன்றக் கட்டணமே இல்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். காலக்கெடு இரண்டு ஆண்டு. பாதிப்பு தாமதமாகத் தெரியும் மருந்துகளில், நியாயமான கவனத்தோடு எப்போது தெரிந்திருக்க முடியுமோ அப்போதிருந்து கணக்கு. எல்லோருக்கும் முழு இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை இந்தச் சட்டத்துக்குள் வராது. அங்கே நடந்திருந்தால் சிவில் நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோதான். உங்களுக்குப் பிரச்சினையில்லை, கிளினிக்கில் பணம் கட்டியிருக்கிறீர்கள்.

இப்போது, இந்த வாரமே செய்ய வேண்டியவை. மிச்சமுள்ள மாத்திரை அட்டையை பேட்ச் எண் தெரிய ஓர் உறையில் போட்டு வையுங்கள். கடை பில்லில் அதே எண் இருக்கிறதா பாருங்கள். எத்தனை மாத்திரை மிச்சம் என்பதே எத்தனை நாள் சாப்பிட்டார் என்பதற்கு ஆதாரம். கிளினிக்குக்கும் மருத்துவமனைக்கும் எழுத்து மூலம், கையெழுத்து வாங்கியோ பதிவுத் தபாலிலோ, முழு மருத்துவ ஆவணங்களையும் கேளுங்கள்: ஓ.பி. நோட், கேஸ் ஷீட், நர்ஸ் குறிப்புகள், மருந்து அட்டவணை. டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. கேட்டு 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. அவர்கள் ஆவணங்களை மூன்று ஆண்டுதான் வைத்திருக்கக் கடமைப்பட்டவர்கள் என்பதும் அதே விதியில் இருப்பதால் தள்ளிப்போடாதீர்கள். தராமல் இழுத்தடித்தால் அதையும் மனுவில் எழுதலாம். ஆவணத்தை மறைப்பவருக்கு எதிராகவே ஆணையம் யூகிக்கும்.

போன் அழைப்பு விவரத்தை நிறுவனத்திடமிருந்து எடுத்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் தடிப்பின் படம் அனுப்பியிருந்தால் அந்தப் போனை மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். மின்னணு ஆதாரத்தைத் தாக்கல் செய்ய, சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியம் 63(4)-இன்படி சான்று வேண்டும், வழக்கறிஞர் தயாரிப்பார். உடல் படங்களைத் தேதியோடு வரிசைப்படுத்துங்கள்.

ஐ.சி.யூ. சிகிச்சை தந்த மருத்துவமனையிடம் டிஸ்சார்ஜ் சம்மரியில் மருந்தின் பெயரோடு காரணத்தை எழுதச் சொல்லுங்கள். "மருந்தால் ஏற்பட்ட ஒவ்வாமை" என்ற பொதுவான வரி பயன்படாது. "கார்பமசெபினால் ஏற்பட்ட ஸ்டீவன்ஸ்-ஜான்சன்" என்று இருக்க வேண்டும். மருந்துப் பக்கவிளைவுக் கண்காணிப்பு மையத்திலும் பதிவு செய்யுங்கள். சென்னை மருத்துவக் கல்லூரி, வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் போன்ற இடங்களில் மையங்கள் உள்ளன. 1800-180-3024 என்ற இலவச எண்ணிலும் சொல்லலாம், நோயாளிகளுக்கென்று தமிழ்ப் படிவமும் உண்டு. அவர்கள் நாட்களையும் மற்ற காரணங்களையும் பார்த்து, இந்த மருந்துதானா என்பதை மதிப்பிடுவார்கள். அது யார் தவறு என்று சொல்லும் அறிக்கையல்ல. படிவத்திலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது. ஆனால் மருந்துக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டு என்ற முதல் படியை அது ஏற்றிவிடும்.

வழக்கைவிட அவசரமான ஒன்றும் இதோடு சேர்ந்தது. தாயாரின் கைப்பையில் இருக்கும்படி ஓர் அட்டை எழுதி வாங்குங்கள். கார்பமசெபின் மட்டுமல்ல, அதே வகையான ஆக்ஸ்கார்பசெபின், ஃபெனிடாயின், ஃபீனோபார்பிட்டோன் ஆகியவையும் கூடாது என்று அதில் இருக்க வேண்டும். முக வலி திரும்பினால் புதிதாகப் பார்க்கும் மருத்துவர் இவற்றில் ஒன்றை எழுதிவிடக்கூடும்.

மனு எழுதும்போது நிபுணர் கருத்து ஒன்று கையில் இருக்கட்டும். எல்லா வழக்கிலும் அது கட்டாயமில்லை என்று கிஷன் ராவ் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தாலும், மருந்து வழக்குகளில் அது இல்லாமல் போவது துணிச்சல். நரம்பியல் அல்லது தோல் மருத்துவர் ஒருவரிடம் ஒரே கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: 16-ஆம் நாள் இந்த அறிகுறிகளோடு வந்தால் மருந்தை நிறுத்துவது ஏற்கப்பட்ட நடைமுறையா? மனுவில் ஐந்தாறு குற்றச்சாட்டுகளை அடுக்காமல் இந்த ஒன்றிலேயே நில்லுங்கள். தேர்வு தப்பு, அளவு தப்பு, டெஸ்ட் இல்லை, கட்டணம் அதிகம் என்று கலந்தால், பலவீனமான நான்கை எதிர்த்தரப்பு உடைக்கும்போது ஐந்தாவதும் கூடவே சாயும். பில்கள், தாயாரின் வருமான இழப்பு, துணைக்கு இருந்தவரின் சம்பளம், இனி வரும் சிகிச்சை, வேதனை என்று இழப்பீட்டைத் தனித்தனியாகக் கணக்கிட்டுக் கேளுங்கள். மருத்துவர், கிளினிக் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். மருத்துவருக்குத் தொழில் காப்பீடு இருந்தால் அந்த நிறுவனமும் பிறகு உள்ளே வரும். நோட்டீஸ் கிடைத்தபின் அவர்கள் பதில் தர 30 நாள், அதிகபட்சம் இன்னும் 15 நாள்.

நோட்டீஸ் போனதுமே கிளினிக் சமரசம் பேச வர வாய்ப்பு உண்டு. வந்தால் மறுக்காதீர்கள், வழக்கு தொடங்கியபின் ஆணையமே சமரச மையத்துக்கு அனுப்பச் சட்டத்தில் வழியிருக்கிறது. ஆனால் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாளில் கையெழுத்துப் போடும் முன் தாயாரைக் கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இந்த நோயில் தோல் ஆறிய பிறகும் கண்ணீர் வற்றுதல், இமை உள்பக்கம் ஒட்டுதல், கருவிழியில் தழும்பு ஆகியவை மாதங்கள் கழித்து வரும். சிலருக்கு அறுவை சிகிச்சை வரை போகும். அந்தச் செலவு கணக்கில் வராத தொகைக்கு ஒப்புக்கொண்டுவிட்டால், அதை மறுபடி கேட்க முடியாது.